ரெண்டு ஊசி போட்டும் போகாத வட்டப்புண்: வெள்ளாட்டுக் குட்டிகளுக்கு வரும் படர்தாமரை

04.11.2023, காலை 7:40 (கேள்வி)

வணக்கம். உடுமலை பக்கம் பரண் போட்டு 26 ஆடு வச்சிருக்கேன், தலைச்சேரியும் போயர் கலப்பும். ஒன்றரை மாசமா குட்டிகளுக்குக் காதுலயும் கண்ணைச் சுத்தியும் வட்ட வட்டமா முடி கொட்டி, சாம்பல் பூத்த மாதிரி இருக்கு. சொறின்னு சொல்லி ஐவர்மெக்டின் ரெண்டு தடவை போட்டாச்சு. கேக்கல. இன்னும் நாலு குட்டிக்குப் பரவிடுச்சு. மூணாவது ஊசி போடலாமா, டோஸைக் கூட்டணுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

04.11.2023, இரவு 9:15

போடாதீங்க தம்பி. டோஸையும் கூட்டாதீங்க. ஐவர்மெக்டின் சொறிப்பூச்சியைக் கொல்லும், வயித்துப் புழுவைக் கொல்லும். பூஞ்சையை ஒண்ணும் பண்ணாது. நீங்க எழுதியிருக்கிறதைப் பாத்தா படர்தாமரை மாதிரித்தான் தெரியுது.

ஒண்ணு மட்டும் பாத்துச் சொல்லுங்க. குட்டிக்கு அரிக்குதா? சொறி வந்த ஆடு தூணை விட்டு நகராது. உடம்பைத் தேய்க்கும், பின்னங்காலைத் தூக்கி உதைச்சுக்கும், தீவனம் போட்டாலும் பாதியில விட்டுட்டு மறுபடி தேய்க்கப் போயிரும். படர்தாமரை வந்த குட்டி அது பாட்டுக்குத் துள்ளும், பால் குடிக்கும். தோல் மட்டும்தான் அசிங்கமா இருக்கும்.

05.11.2023, காலை 6:10

அரிப்பு இல்லன்னு எழுதியிருக்கீங்க. சரி, இனி என் கதையைச் சொல்றேன்.

எட்டயபுரத்துக்குக் கிழக்கே கரிசல் காடு எங்களுக்கு. 31 கன்னி ஆடு (கன்னிங்கிறது இந்தப் பக்கத்து நாட்டு ஆட்டு இனம்), ரெண்டு மாடு. போன ஆனியில ஒரு பால்கன்னி ரெட்டைக் குட்டி போட்டுச்சு. ரெண்டுக்கும் கருப்பு உடம்பு, கொம்படியில இருந்து மூக்கு வரைக்கும் இறங்குற வெள்ளைக் கோடு. ரெண்டாவது மாசத்துல ஒரு குட்டிக்கு அந்த வெள்ளைக் கோட்டு மேலயே எட்டணா அளவுல ஒரு வட்டம். மொதல்ல தவிடு ஒட்டியிருக்குன்னு நினைச்சு முந்தானையால துடைச்சேன். போகல. கிட்டக்க வச்சுப் பாத்தா முடி வேரோட உதிரல, தோல்ல இருந்து அரை விரற்கடை விட்டு ஒடிஞ்சு நிக்குது, அறுத்த சோளத்தட்டை மாதிரி. அடியில வெள்ளையும் சாம்பலுமா கெட்டியான பொருக்கு. ஓரத்தை நகத்தால நெம்புனா தட்டையா அப்படியே எந்திரிக்குது, அடியில தோல் ஈரமா, சிவப்பா, லேசா ரத்தம் கசிஞ்சு நிக்கும்.

அப்படி நெம்பினது தப்பு. வெறும் கையால நெம்பினது அதைவிடப் பெரிய தப்பு. அதை அப்புறம் சொல்றேன், மாடு கத்துது.

05.11.2023, இரவு 10:02

விட்ட இடத்துல இருந்து.

மூணே வாரத்துல ஒன்பது குட்டிக்கு வந்துருச்சு. காது விளிம்பு, கண்ணோரம், தாடை, கழுத்துல கயிறு படுற இடம். பெரிய ஆடு ஒண்ணுக்குக்கூட இல்ல. குட்டிகளை ராத்திரி ஒரே குடாப்புல, அதாவது குட்டி அடைக்கிற பெரிய கூடைக்குள்ள, அடைப்போம். ஒண்ணோட முகத்துல ஒண்ணு முகத்தை வச்சுத்தான் தூங்கும். பரவுறதுக்கு அதைவிட வசதி வேணுமா.

நாலாவது வாரம் என் மூத்த பையனுக்கு முழங்கைக்குக் கீழ ஒரு வட்டம். குட்டியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுத் திரியுறவன் அவன்தான். எனக்கு வலது கை பெருவிரல் பக்கம். எனக்கு வந்தது தட்டையா நின்னுச்சு. பையனுக்குக் கொப்புளம் கொப்புளமாத் தடிச்சு வீங்கி, சீழ் கட்டுன மாதிரி ஆயிருச்சு. கால்நடைகிட்ட இருந்து மனுசனுக்கு ஒட்டுற பூஞ்சை, மனுசனுக்கு மனுசன் ஒட்டுறதைவிட மூர்க்கமாத்தான் வீங்கும்னு தோல் டாக்டர் பின்னால சொன்னார்.

பின்னாலன்னு ஏன் சொல்றேன்னா, மொதல்ல டாக்டர்கிட்ட போகல. மருந்துக்கடையில கேட்டேன், ஒரு டியூப் குடுத்தாங்க. ரெண்டு நாள்ல அரிப்பு நின்னுச்சு, சிவப்பு வத்திருச்சு. ஆஹான்னு அதையே குட்டிக்கும் தடவுனேன். பத்து நாள் கழிச்சு வட்டம் ரெண்டு மடங்கா விரிஞ்சு, நடுவுல இன்னொரு வட்டம். அந்த டியூப்ல பூஞ்சை மருந்தோட ஸ்டீராய்டும் கலந்திருந்துச்சு. ஸ்டீராய்டு வீக்கத்தை அமுக்கும், தோலோட எதிர்ப்பையும் சேத்து அமுக்கிரும். பூஞ்சை சத்தமில்லாம உள்ளுக்குள்ள பரவும். ஆட்டுக்கானாலும் பிள்ளைக்கானாலும் டியூப்ல எழுதியிருக்கிற பேரைப் படிங்க. குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன்னு இருந்தா திருப்பிக் குடுத்துருங்க.

09.11.2023, மதியம்

எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டிருக்கீங்க. என் வீட்டைப் பொறுத்தவரை எனக்கு சந்தேகமே இல்ல. வைகாசியில எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில ஒரு கிடாக்குட்டி வாங்கினேன். காதோரம் லேசா முடி இல்லாம இருந்துச்சு. முள்ளு கீறுனதுன்னு வியாபாரி சொன்னார், நம்பிட்டேன். வந்த அன்னைக்கே மத்த குட்டிகளோட விட்டேன். நோய் வந்ததும் சந்தையிலயே அவரைப் பிடிச்சு நாலு பேர் முன்னால கேட்டேன். அதுக்கப்புறம் நாங்க பேசிக்கிறதில்ல.

வாங்குன ஆட்டை ஒரு மாசம் தனியாக் கட்டணும், தனிக் கயிறு, தனித் தொட்டி. தொத்துனதுக்கும் கண்ணுக்குத் தெரியுறதுக்கும் நடுவுல ஒண்ணுல இருந்து நாலு வாரம் ஓடிரும். அதனால வாங்குற அன்னைக்கு சுத்தமா இருக்கிறது ஒரு அத்தாட்சியே இல்ல.

தீபாவளிச் சந்தை வர்ற 11ஆம் தேதி. நல்ல விலை போகும். எங்க வீட்ல இன்னும் ஆறாத குட்டி மூணு இருக்கு, கொண்டுபோகல. நீங்களும் கொண்டுபோகாதீங்க தம்பி.

13.11.2023, இரவு

வைத்தியம். இது எனக்குக் கால்நடை டாக்டர் சொல்லி நான் செஞ்சது, அப்படியே எழுதுறேன்.

கையுறை போட்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில பொருக்கை ஊற வச்சு மெதுவா எடுக்கணும். எடுத்ததைக் கீழ போடாம ஒரு தாள்ல சேத்து எரிச்சிரணும், ஏன்னா அந்தப் பொருக்குதான் விதை. தோலைத் துடைச்சுக் காய வச்சுட்டு, சின்ன வட்டம்னா மைக்கனசோல் இல்ல குளோட்ரிமசோல் களிம்பு, காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு. வட்டத்துக்கு வெளியேயும் ஒரு விரற்கடை அளவுக்குத் தடவணும், நோய் விளிம்புலதான் உயிரோட நகருது. நிறைய இடத்துல இருந்தா போவிடோன் அயோடின் தொட்டு வைக்கலாம், இல்ல சுண்ணாம்பும் கந்தகமும் காய்ச்சுன கரைசலை டாக்டர் சொல்ற அளவுல கலந்து உடம்பு முழுக்க ஊத்தலாம். முட்டை அழுகின நாத்தம் வரும், ஆனா வேலை செய்யும். முடி முளைக்க ஆரம்பிக்கிற வரைக்கும் விடக்கூடாது.

கிரிசியோபுல்வின் மாத்திரையைப் பத்தி ஒருத்தர் கேட்டிருந்தார். சினை ஆட்டுக்கு ஆகவே ஆகாது, வயித்துல இருக்கிற குட்டியைப் பாதிக்கும். கறிக்குப் போற ஆட்டுக்கு மருந்து உடம்புல தங்குற கணக்கும் இருக்கு. டாக்டர் சொல்லாம அந்தப் பக்கம் போகாதீங்க.

வண்டி ஒர்க்‌ஷாப் கழிவு ஆயிலைத் தடவச் சொல்ற ஆளு எல்லா ஊர்லயும் இருக்காங்க. எங்க தெருவுலயும் இருக்காங்க. தயவு செஞ்சு வேண்டாம். குட்டி நக்கும், தாய் குட்டியை நக்கும். தோலும் வெந்து போகும்.

அப்புறம், மழைக்கு முதுகுல வர்ற பொருக்குப் புண்ணும் ஒரு வகைப் பூஞ்சைதான், அதுக்கும் இதே வைத்தியம்தான்.

16.11.2023

சீமையகத்தி கேட்டவருக்கு. வண்டுகொல்லின்னும் சொல்வாங்க, மஞ்சப் பூ மெழுகுவத்தி மாதிரி நிமிர்ந்து நிக்கும். எங்க அத்தை அந்த இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைச்சுப் போடுவாங்க. தலைமுறை தலைமுறையாப் படர்தாமரைக்குப் போடுறதுதான். பூஞ்சையை எதிர்க்குற சத்து அந்த இலையில இருக்கிறதும் உண்மை.

நானும் போட்டுப் பாத்தேன். ஒரே அளவுல வட்டம் இருந்த ஆறு குட்டியில மூணுக்கு இலை அரைச்சுப் போட்டேன், மூணை வெறும் சோப்புத் தண்ணியில கழுவி வெயில்ல விட்டேன். இலை போட்டது ஏழாவது வாரம் முடி மூடுச்சு. போடாதது எட்டாவது வாரம். இதை வச்சு இலை வேலை செய்யலன்னு சொல்லமாட்டேன், ஆறு குட்டி ஒரு கணக்கா. ஆனா ஒண்ணு புரிஞ்சுச்சு. இந்த நோய் ஒண்ணுமே செய்யலன்னாலும் ஒண்ணுல இருந்து நாலு மாசத்துல தானா ஆறும். அதனால ஆறப்போற நேரத்துல எதைத் தடவினோமோ அதுக்குத்தான் பேரு போகும். கழிவு ஆயிலுக்கு நல்ல பேரு வந்ததும் இந்த வழியிலதான்.

தானா ஆறுற நோய்க்கு மருந்து எதுக்குன்னு கேக்கலாம். ஆறுற வரைக்கும் அந்தக் குட்டி உதிர்க்கிற பொருக்கு அடுத்த குட்டிக்கும் நம்ம பிள்ளைக்கும் போகுது. மருந்து போடுறது அதைச் சுருக்கத்தான்.

26.11.2023, இரவு 11:30

இன்னைக்கு எழுதுறது கஷ்டமா இருக்கு.

போன மாசம் புது வட்டம் வந்த ரெண்டு குட்டியோட முடியையும் பொருக்கையும் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுல குடுத்திருந்தேன். (எடுக்கிற முறை: ஸ்பிரிட் தொட்ட பஞ்சால துடைச்சுட்டு, வட்டத்தோட விளிம்புல சுரண்டணும், ஒடிஞ்ச முடியைச் சாமணத்தால பிடுங்கணும். காகித உறையில போடணும். பிளாஸ்டிக் கவர்ல போட்டா வேர்த்து வேற பூசணம் வளந்துரும்.) குடுத்த அன்னைக்கே அங்க இருந்த டாக்டர் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டுல முடியை ஊற வச்சு நுண்ணோக்கியில என்னையும் பாக்க விட்டாங்க. முடித்தண்டைச் சுத்தி வெளிப்பக்கமா, பாசிமணியைச் சரம் சரமாக் கோத்துச் சுத்துன மாதிரி வித்துகள். இத்தனை மணியும் ஒரே ஒரு முடியில. அந்தப் பொருக்கை நான் முந்தானையால துடைச்சது அப்பத்தான் மனசுல உறைச்சுது.

அந்தப் பூஞ்சையை ஆய்வகத்துல வளத்துப் பாக்குறதுக்கு நாலு வாரம் ஆச்சு. இந்தப் பூஞ்சை மெதுவாத்தான் வளருமாம். மத்ததெல்லாம் சாதாரணச் சூட்டுலயே வளரும், இதுக்கு உடம்புச் சூடு மாதிரி 37 டிகிரி வேணும், தயமின் சத்தும் போடணும். முடிவு: டிரைக்கோபைட்டான் வெருக்கோசம். டாக்டர் படிச்சதும் கேட்ட மொதக் கேள்வி, "உங்க வீட்ல மாடு இருக்கா? கன்னுக்குட்டிக்கு எப்பவாவது வந்துச்சா?"

வந்துச்சு. ரெண்டு வருசத்துக்கு முந்தி எங்க கன்னுக்குட்டிக்குக் கண்ணைச் சுத்தி மாவு அப்புன மாதிரி வந்துச்சு, தானா ஆறுச்சு, மறந்துட்டோம். இது ஆட்டுக்கும் வரும், ஆனா மாட்டுலதான் பெரும்பாலும் குடியிருக்கிற பூஞ்சை. அந்தக் கன்னைக் கட்டுன வேப்பங்கட்டையிலதான் இப்போ குட்டிகளோட குடாப்பு சாஞ்சு நிக்குது. வித்து காஞ்ச மரத்துல, சுவத்துல, கயித்துல வருசக்கணக்கா உயிரோட கிடக்கும்னு டாக்டர் சொன்னாங்க. வீட்டுக்கு வந்து அந்தக் கட்டையைப் பாத்தேன். குட்டிங்க முகத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சு ஒரு பக்கம் வழவழன்னு இருக்கு. வெடிப்புக்குள்ள கருப்பும் சாம்பலுமா முடி.

சந்தையில வாங்குன கிடாக்குட்டிக்குக் காதுல இருந்தது முள்ளுக் கீறலாவே இருந்திருக்கலாம். அதுக்கு இன்னைய தேதி வரைக்கும் வட்டம் வரல. ஒன்பது குட்டியில அது இல்லவே இல்ல. இத்தனை நாள் இதை நான் யோசிக்கல. 9ஆம் தேதி எழுதுனதை அழிக்கமாட்டேன், நான் எப்படித் தப்பா முடிவு கட்டினேன்னு இருக்கட்டும்.

02.12.2023

கொட்டகையைச் சுத்தம் பண்றது பத்திக் கேட்டவங்களுக்கு. நான் மொதல்ல பிளீச்சிங் பவுடரைப் புழுக்கை மேலயே தூவினேன். வீண். சாணி, புழுக்கை, மண்ணு பட்டா குளோரின் அங்கேயே செத்துரும். முழுக்கக் கூட்டி, சோப்புப் போட்டுத் தேய்ச்சுக் கழுவி, காஞ்ச பிறகு தெளிக்கணும், பத்து நிமிசமாவது ஈரமா நிக்கணும். ஆட்டை வெளிய ஓட்டிட்டுச் செய்யுங்க, மூக்குல ஏறும். சுவத்துக்குப் புதுசாச் சுண்ணாம்பு. குடாப்பைக் கவுத்து வெயில்ல போடுங்க. பரண் வச்சிருக்கிற தம்பி, பலகைச் சந்துல பழைய பிரஷ் விட்டுத் தேய்க்கணும், தண்ணி மட்டும் அடிச்சா போதாது.

அப்புறம் குட்டிகளை அடிக்கடி குளிப்பாட்டாதீங்க. போன பக்ரீத்துக்கு விக்கிற ஆட்டைப் பளபளன்னு காட்ட நானே ஷாம்பூ போட்டேன். தோல்ல இருக்கிற இயற்கை எண்ணெய்தான் பூஞ்சைக்கு வேலி. அமெரிக்காவுல கண்காட்சிக்கு வளக்குற செம்மறிக்குட்டிகளுக்கு ஓயாமக் கழுவி, ஒட்டக் கத்தரிச்சு, ஒரே கத்தரி எந்திரத்தை எல்லாத்துக்கும் போடுறதால இந்த நோய் தனிப் பேரு வச்சுக் கூப்பிடுற அளவுக்குப் பரவியிருக்கு.

22.12.2023

நாலு நாளா கரன்ட் இல்ல, இப்பத்தான் போன் சார்ஜ் ஏறுச்சு. 17, 18 ரெண்டு நாள் மழையை எல்லாரும் செய்தியில பாத்திருப்பீங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். எங்க பக்கம் அவ்வளவு இல்லன்னாலும் கண்மாய் மறுகால் பாஞ்சு தொழுவத்துல முழங்கால் தண்ணி. ரெண்டு குட்டி போச்சு. தாமிரபரணிக் கரையில பட்டியோட இழந்தவங்களை நினைச்சா இதைச் சொல்லவே கூசுது.

30.12.2023

பெரிய ஆடு ஏழுக்கு முதுகு நெடுக, காது நுனியில பொருக்கு. நான் 13.11 அன்னைக்கு எழுதுன கடைசி வரி தப்பு. மழைப்புண் பூஞ்சை இல்ல. பாக்டீரியா. டெர்மட்டோபிலஸ் காங்கோலென்சிஸ்னு பேரு, 1915இல் காங்கோவுல மாட்டுல கண்டது. முந்தி இதைப் பூஞ்சைன்னே நினைச்சுப் பூஞ்சைத் தோல்நோய்னே பேரு வச்சிருந்தாங்க. நானும் அந்தப் பழைய நினைப்புலயே எழுதிட்டேன்.

கையில வித்தியாசம் தெரியும். படர்தாமரையில முடி ஒடியும், வட்டம் விளிம்பு கட்டி நிக்கும். மழைப்புண்ல முடி ஒடியாது. பத்துப் பதினஞ்சு முடி கொத்தாப் பிசின்ல ஒட்டுன மாதிரி நிமிர்ந்து நிக்கும், இழுத்தா பொருக்கோட கொத்தா வரும், வெள்ளையடிக்கிற மட்டை மாதிரி. பொருக்கோட அடிப்பக்கம் குழிஞ்சு, மஞ்சளாச் சீழ். தண்ணியில ஊறுன தோல்ல இந்தக் கிருமி நீந்திப் பரவும், அதான் மழை ஓடுற வழியிலயே வரும். பூஞ்சைக் களிம்பு இதுக்கு வீண். டாக்டர் ஆக்சிடெட்ராசைக்ளின் போட்டார், தொழுவத்தைக் காய வைக்கச் சொன்னார். அஞ்சு ஆடு தெளிஞ்சிருச்சு.

13.11 பதிவைப் பாத்து யாராவது மழைப்புண்ணுக்குக் களிம்பு வாங்கியிருந்தா, மன்னிச்சுக்கோங்க. 1962க்குப் போன் போடுங்க, கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

உதட்டுல மட்டும் காளான் மாதிரி முளைச்சா அது வேற, வைரஸ். அதுவும் கையில ஒட்டும். கையுறை எல்லாத்துக்கும் பொது.

14.01.2024, போகி

விடியக்காலம் அந்த வேப்பங்கட்டையைப் பிடுங்கி எரிச்சாச்சு. கூடவே பழைய கழுத்துக்கயிறு, இத்துப்போன குடாப்பு. அத்தைக்கு மனசே இல்ல, மாமா கையால நட்ட கட்டை. கொஞ்ச நேரம் பக்கத்துல நின்னுட்டு, அவங்களே ரெண்டு வரட்டியை எடுத்து வச்சாங்க.

நாளான்னைக்கு மாட்டுப்பொங்கலுக்குப் புதுக் கயிறு. ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனி.

20.01.2024

சந்தைக்குப் போனேன். அந்த வியாபாரியைத் தேடிப் போய், அன்னைக்கு நாலு பேர் முன்னால கேட்டது தப்புன்னு நாலு பேர் முன்னாலயே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் பக்கத்துல நின்ன குட்டியோட காதை மடிச்சுக் காட்டி, "இது என்னன்னு பாரு தாயி" அப்படின்னார். பாத்தேன். உண்ணி கடிச்ச தழும்பு. சொன்னேன். இன்னொண்ணைக் காட்டினார். அப்படியே பதினஞ்சு குட்டி பாத்தோம். ஒண்ணுக்கு மட்டும் தாடையில சந்தேகமா இருந்துச்சு, அதைத் தனியா வேன்ல ஏத்திட்டார்.

03.02.2024

உடுமலைத் தம்பியோட ஆய்வக முடிவைப் பாத்தேன். டிரைக்கோபைட்டான் மென்டக்ரோபைட்ஸ். என்னோடது இல்ல இது. இதுல மாட்டைத் தேடாதீங்க தம்பி, எலியைத் தேடுங்க. எலிகிட்ட இருந்து வர்ற வழி உண்டு. தீவன மூட்டை எங்க அடுக்கியிருக்கீங்க? குட்டி படுக்கிற பக்கம்னா மொதல்ல அதை மாத்துங்க, தரையில இருந்து தூக்கி அடுக்குங்க, சுவத்தை ஒட்டி வைக்காதீங்க.

வீட்ல அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் ரெண்டு வருசமா இடுப்புல படர்தாமரை, ஆட்டாலதானான்னு கேட்டிருக்கீங்க. ரெண்டு வருசம்னா ஆடு வாங்குறதுக்கு முந்தியே இருக்கு. நாடு முழுக்க மனுசங்களுக்குள்ளயே பரவுற வகை ஒண்ணு இருக்கு, 2020இல் டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியேன்னு பேரு வச்சாங்க, வழக்கமான மாத்திரைக்கே பல பேருக்குக் கேக்குறதில்ல. தோல் டாக்டர்கிட்ட ரெண்டு பேரையும் ஒண்ணாக் கூட்டிட்டுப் போங்க. துண்டு தனித்தனி.

04.02.2024

மூட்டை பின்னாடி வளை இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. எத்தனை? குட்டி கட்டுற தூணுக்கு எவ்வளவு தூரம்? படம் போடுங்க.